அரிசிப் பானையும் வரலாறுதான்

நமது எழுத்தாளர்கள் சிலருக்குக் கொரிய நாடகம் என்றாலே முகம் சுளிக்கிறது. இலக்கியச் சந்திப்புகளில் தேநீர் வேளையில் யாராவது அந்தப் பேச்சை எடுத்துவிட்டால், "அது பொம்பளைகள் பார்த்து அழுறதுக்கு எடுக்கிறது" என்று ஒருவர் முடித்துவைப்பார். "அரை மணித்தியாலம் பார்த்தேன், ஒன்றுமே நடக்கவில்லை" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் சற்றுக் கவலையோடு, "எங்கட பிள்ளைகள் கெட்டுப்போறதுக்கு இதுவும் ஒரு வழி" என்பார். மூவரும் தலையாட்டியதும் விவாதம் முடிந்துவிடும். பேச்சு மீண்டும் 'தீவிர' இலக்கியத்துக்குத் திரும்பும். இம்மூன்று தீர்ப்புகளும் பிழையானவை என்பது எனது வாதம். பிழை என்பதோடு விட்டுவிடவும் முடியாது. இத்தீர்ப்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாம் ஒரு பெரிய கடனைக் கட்டாமல் காலம் கடத்துகிறோம். நமது உம்மாமாரின் அன்றாடத்தை எழுத்தில் வைக்காமல் விட்ட கடன் அது.

பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக ஒரேயொரு நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். 2025 மார்ச் 7 முதல் 28 வரை வெள்ளிக்கிழமை தோறும் நந்நான்கு அங்கங்களாக, மொத்தம் 16 அங்கங்களில் நெட்பிளிக்ஸில் வெளிவந்தது அது. எழுதியவர் லிம் சாங்-சூன். இயக்கியவர் கிம் வொன்-சொக். ஆங்கிலத்தில் தோடம்பழத்தை வைத்து ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். மூலப் பெயரோ கொரியாவின் தெற்கேயுள்ள ஜெஜு தீவின் பேச்சுவழக்கில் 'பொக்சக் சொகத்சுதா' என்பது. களைத்துவந்த மனிதரைப் பார்த்து 'நிறையப் பாடுபட்டுவிட்டீர்கள்' என்று சொல்லும் வார்த்தை. சியோல் நகரத்துக் காதுக்கு அதே சொல் 'நன்றாக ஏமாந்துபோனீர்கள்' என்று கேட்கும். மக்களின் பேச்சை எழுத்தில் கொண்டுவந்ததற்காக 1960களில் 'இழிசனர் வழக்கு' என்று ஏச்சு வாங்கியவர்கள் ஈழத்து எழுத்தாளர்கள். சோனகத் தமிழை எழுதியதற்காக நம்மவர்கள் வாங்கிய கேலி இன்னும் ஓயவில்லை. ஒரு தீவின் பேச்சைத் தலைப்பாகவே தூக்கிவைத்த துணிச்சலை நாமாவது மதித்திருக்க வேண்டாமா?

கதை மிக எளியது. ஏ-சூன் என்ற சிறுமியின் தாய் கடலில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்கும் சுழியோடி. ஜெஜுவில் இது பெண்களின் தொழில். 'ஹென்யோ' என்றழைக்கப்படும் அப்பெண்களின் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தாய் 29 வயதில் மௌத்தாகிறாள். கவிஞராக வேண்டும், பல்கலைக்கழகம் போகவேண்டும் என்ற மகளின் இரண்டு ஆசைகளும் உடைகின்றன. மீன் விற்கும் குடும்பத்துப் பையன் குவான்-சிக்கை அவள் மணக்கிறாள். மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை ஒரு புயல் நாளில் போய்விடுகிறது. மூத்த மகளின் படிப்புக்காக வீட்டை விற்கிறார்கள். மகன் மாட்டிக்கொண்ட சிக்கலுக்காகப் படகை விற்கிறார்கள். 1997இல் ஆசிய நாடுகளை உலுக்கிய நிதி நெருக்கடி கொரியாவைத் தாக்கியபோது மகளின் வேலை பறிபோகிறது. தலை நரைத்த பிறகு ஏ-சூனின் கவிதைத் தொகுதி வெளிவருகிறது. கதை இவ்வளவுதான்.

'ஒன்றுமே நடக்கவில்லை' என்பவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்த நாடகத்தில் ஒரு காட்சி வருகிறது. இளம் தம்பதியரின் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. வெறும் பானையென்று நினைத்துத் திறந்தால் உள்ளே கொஞ்சம் அரிசி கிடக்கிறது. பிறகும் அப்படியே. அறையை வாடகைக்குத் தந்த கிழவனும் கிழவியும் யாருக்கும் தெரியாமல் போட்டுவைத்த அரிசி அது. இதை அவசரமாகக் காட்ட முடியுமா? வறுமை ஓடிவந்து கதவை உடைத்துக்கொண்டு நுழைவதில்லை. பானையில் ஒவ்வொரு சுண்டாகக் குறைந்து குறைந்துதான் அது வருகிறது. பானையின் அடியைச் சிரட்டை உரசும் சத்தத்தைக் கேட்கும் பொறுமை பார்ப்பவனுக்கு வேண்டும். அந்தப் பொறுமை நமக்கில்லை என்பதை நாடகத்தின் குற்றமாக எழுதிவைக்க முடியாது.

நான் படிப்பிப்பது திரியாயில். பிறந்து வளர்ந்தது அதே கரைவழியே சற்று வடக்கே. எங்கள் கரையின் சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. செய்தியில் அது ஒரு வரி. அந்த ஒரு வரி ஒரு வீட்டுக்குள் எப்படி நடந்தது? முதலில் கிழமையில் ஆறு நாள் போன படகு மூன்று நாள் போனது. பிறகு ஒரு நாள். பிறகு தோடு ஈட்டுக்குப் போனது. பிறகு சீட்டுக்காசு கட்டமுடியாமல் வீட்டுக்காரி பின்வாசலால் போய்வரத் தொடங்கினாள். பிறகு என் வரவு இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே திங்கட்கிழமைகள் வெறுமையாகின. யாரும் சாகவில்லை, யாரும் கத்தவுமில்லை. அரை மணித்தியாலம் வந்து நின்று பார்த்திருந்தால் எங்கள் கரையிலும் 'ஒன்றுமே நடக்கவில்லை' என்றுதான் நமது விமர்சகர் எழுதியிருப்பார்.

மெதுவாகச் சொல்வதையும் இழுத்தடிப்பதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. 1999இல் தொடங்கிய 'சித்தி' தொட்டு இன்றுவரை தமிழ்நாட்டிலிருந்து நமது வீடுகளுக்கு வரும் மெகா தொடர்களைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் இடி இடிக்கிறது. ஒருவர் முகத்தை மூன்று தரம் திருப்பிக் காட்டுகிறார்கள். ஆனால் ஆயிரம் அங்கம் போனபின்னும் யாருக்கும் வயதேறுவதில்லை, யாருடைய கையிலும் காய்ப்பு விழுவதில்லை. இந்தக் கொரிய நாடகமோ 16 அங்கங்களில் அறுபது வருட காலத்தைக் கடக்கிறது. அதை மெதுவானதென்று நாம் உணர்வதற்குக் காரணம், வேலை செய்யும் கைகளின் மேல் அது தன் கண்ணை நிறுத்திவைப்பதுதான். சீறாப்புராணத்தின் 5027 பாடல்களை இரவிரவாகப் படித்துப் பொருள் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த சமூகத்தின் பேரப்பிள்ளைகள் நாம். மெதுவானது என்ற காரணத்துக்காக ஒரு படைப்பைத் தள்ளிவைக்கும் பழக்கம் நம் மூத்தவாப்பாமாருக்கு இருக்கவில்லை.

அடுத்தது, 'பொம்பளைகள் பார்த்து அழுறது' என்ற ஏளனம். யார் அழுகிறார்கள் என்பது கேள்வியல்ல. எதற்காக அழவேண்டியிருந்தது என்று கேட்டீர்களா? ஏ-சூன் சிறுமியாக இருக்கையில் வகுப்புத் தலைவருக்கான தேர்தலில் வெல்கிறாள். ஆசிரியர் பதவியை வசதியான வீட்டுப் பையனுக்குக் கொடுத்து அவளை உதவித் தலைவியாக்குகிறார். பருவ வயதில் அவளும் குவான்-சிக்கும் ஊரைவிட்டு ஓடிப்போய்ப் பிடிபட்டுத் திரும்பியபோது, பையனுக்குச் சில நாள் வகுப்புத் தடை. பெண்ணுக்கோ பாடசாலையே இல்லையென்று ஆகிறது. நான் இருபது வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கிறவன். இவ்விரு காட்சிகளையும் பார்த்துவிட்டு ஓர் ஆசிரியனால் கண்ணீரைப் பற்றிக் கேலி பேச முடியாது. நமது பாடசாலைகளில், நமது நிருவாகக் குழுக்களில், இதே தராசில் நிறுக்கப்பட்ட பெண்பிள்ளைகளின் தொகை எவ்வளவு என்று ஒவ்வொருவரும் தத்தம் ஊரை நினைத்துப் பார்க்கட்டும். ஒரு பெயர்கூட ஞாபகம் வரவில்லையென்றால் அந்த ஊரின் பள்ளிக்கூடத்தை அவர் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்று பொருள்.

இன்னொரு காட்சி. ஆண்களுக்கு ஒரு சாப்பாட்டு மேசை. பெண்களுக்கு ஒதுக்குப்புறமாக இன்னொன்று. நல்ல மீன் ஆண்கள் பக்கம். புதுமாப்பிள்ளையான குவான்-சிக் ஒன்றும் பேசாமல் தனது உடம்பைத் திருப்பி உட்காருகிறான். இப்போது அவன் முகம் மனைவியின் மேசைப் பக்கம். முதுகு ஆண்களின் பக்கம். பிறகு தனது சோற்றைச் சாப்பிடுகிறான். எந்த வசனமும் இல்லாத ஒரு கலகம் அது. நாம் ஒரே சஹனில் ஐந்தாறு பேர் கைவைத்துச் சாப்பிடுவதைச் சமத்துவத்தின் அடையாளமென்று மேடைதோறும் பேசுகிறோம். உண்மைதான், அழகான வழக்கம்தான். அந்தச் சஹன் எந்த அடுப்பிலிருந்து வந்தது, அதைச் சமைத்தவள் எத்தனை மணிக்கு, எதை, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று நமது கவிதைகளில் எத்தனை கேட்டிருக்கின்றன?

மூன்றாவது குற்றச்சாட்டு, பிள்ளைகள் கெட்டுப்போவது. இதைச் சொல்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். கைபேசிக்குள் வருவதெல்லாம் நல்லதல்ல என்பதை வகுப்பறையில் தினமும் பார்க்கிறவன் நான். ஆனால் கீழைத்தேயக் குடும்பக் கதைகள் நமது வீடுகளுக்குள் இன்று நேற்று வந்தவையல்ல. ஜப்பானின் என்.எச்.கே. 1983 ஏப்ரல் முதல் ஒரு வருட காலம் ஒளிபரப்பிய 'ஓஷின்' 297 அங்கங்கள் கொண்டது. ஏழைப் பிள்ளையொருத்தி வீட்டுவேலைக்கு அனுப்பப்படுவதில் தொடங்குவது. அது நமது ரூபவாஹினியிலும் வந்தது. புரட்சிக்குப் பிந்திய ஈரானிலும் வந்தது. ஈரானியர் அதில் எவ்வளவு மூழ்கினார்களென்றால், கதையில் துணிக்கடை நடத்தும் ஓஷினின் குடும்பப் பெயரே அங்கே பழைய உடுப்புக்கான சொல்லாகிவிட்டது. இன்றும் அதை 'தானாக்கூரா' என்கிறார்கள். பிறகு 2003இல் கொரியாவில் தொடங்கிய 'தே ஜாங் கும்', 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களம் பேசி 2012இல் நமது நாட்டுக்கு வந்தது. அரண்மனைக் குசினியில் வேலை செய்த ஓர் அநாதைப் பெண், ஜெஜு தீவுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டு, அங்கேயே மருத்துவம் கற்றுத் திரும்பும் கதை. சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த நமது உம்மாமாரும் அதை விளங்கித்தான் பார்த்தார்கள். இவற்றைப் பார்த்து எந்த வீட்டின் ஈமான் குறைந்தது? தாய் தகப்பனை மதிப்பது, உழைத்துச் சாப்பிடுவது, அயலவன் பசித்திருக்கத் தான் வயிறு நிறையத் தூங்காதிருப்பது ஆகியவற்றை ஜெஜுவின் கிழவியொருத்தி செய்துகாட்டும்போது நமக்கு அந்நியமாகத் தெரிகிறதா? அப்படியென்றால் நாம்தான் நமது தீனின் அகலத்தைச் சுருக்கிவைத்திருக்கிறோம்.

இனி நமது கடனுக்கு வருகிறேன். நம்மிடம் எழுத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1885இல் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதிய பாரம்பரியம் நம்முடையது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் வந்தது. எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' 1992இல் வந்தது. வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் உலகத்தை சல்மா 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் திறந்தார். இவை இருப்பதால்தான் துணிந்து கேட்கிறேன். இவற்றைத் தொடர்ந்து அந்தப் பாதை ஏன் அகலவில்லை? நமது சஞ்சிகைகளின் பக்கங்களை அடையாளமும் அரசியலும் துயரப் பிரகடனமும் நிரப்பின. அவை வேண்டியவைதாம். 1990ஐயும் 2006இல் மூதூர் மக்கள் கால்நடையாகக் கந்தளாய்க்குப் போனதையும் யாரும் மறக்கக் கூடாது. ஆனால் ஒரு சமூகம் துரத்தப்பட்ட நாட்களை மட்டும் எழுதிவைத்து, வாழ்ந்த நாட்களை எழுதாமல் விட்டால், துரத்தப்பட்டவர்கள் யார் என்பதே பிறகு வருகிறவர்களுக்குத் தெரியாமல் போகும்.

ரிசானா நபீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்து மூதூர்ப் பிள்ளை. பிறந்தது 1988இல், கடவுச்சீட்டில் எழுதப்பட்டது 1982. 2005இல் பதினேழு வயதில் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனாள். அவள் பொறுப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9இல் அவள் தலை வெட்டப்பட்டது. அந்த மாதம் நம்மில் கவிதை எழுதாதவர் யார்? வாளை எழுதினோம், மணலை எழுதினோம், மன்னரை ஏசினோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு முந்திய பதினேழு வருடங்கள்? எந்த மாதத்தில் அந்த வீட்டில் கடன் ஏறியது, முகவர் முதல்நாள் வந்தபோது யார் பாய் விரித்தார்கள், கடவுச்சீட்டில் ஆறு வயது கூட்டப்பட்டபோது வீட்டில் யார் மௌனமாக இருந்தார்கள், அவள் எந்த வகுப்பில் எந்த வாங்கில் இருந்து எழும்பிப் போனாள்? இந்தக் கேள்விகளை வைத்து ஒரு நாவல் வரவில்லை. அந்த வாங்கு வெறுமையானதை நாவலாக எழுத மெதுவான, பொறுமையான, 'ஒன்றுமே நடக்காத' முந்நூறு பக்கங்கள் வேண்டும். நம்மிடம் இருந்தது ஒரு பக்கக் கண்ணீர். பெண்களின் அழுகையைக் கேலி செய்யும் நாம்தான் அதையும் எழுதினோம்.

இப்படித்தான் நுண்கடனும். கிழமைக்குக் கிழமை வாசலில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்ற வசூல்காரர்களைத் தெரியாத கிராமம் வடக்குக் கிழக்கில் உண்டா? 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அரசின் வரவுசெலவுக் கணக்கு வரைக்கும் போன ஒரு துயரம், நமது சிறுகதைகளின் வாசலுக்கு எத்தனை தரம் வந்தது?

'போர் நடந்த மண்ணில் அரிசிப் பானையைப் பற்றி எழுதுவதா?' என்று ஒரு நண்பர் என்னிடம் கோபித்தார். அவருக்கு ஜெஜுவின் வரலாற்றையே பதிலாகச் சொல்கிறேன். 1948 ஏப்ரல் 3இல் அங்கே ஒரு கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கும் பெயரில் 1954 வரை நடந்தவற்றில் 25,000 முதல் 30,000 வரையான மக்கள் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது. தீவில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். பல தசாப்தங்கள் அதைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. 1978இல் அதைக் கதையாக எழுதிய ஹியொன் கி-யொங் கைதுசெய்யப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார். 2003இல்தான் நாட்டின் ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார். 2024இல் நோபல் பரிசு பெற்ற ஹான் காங் 2021இல் வெளியிட்ட நாவலும் அந்தப் படுகொலையின் நினைவைப் பற்றியதே. ஆக, அந்தத் தீவின் மையவாடிகளை எழுதவும் கொரியாவில் ஆளிருந்தது. அந்தத் தீவின் அடுப்படியை எழுதவும் ஆளிருந்தது. ஒன்று மற்றதை விழுங்கவில்லை. நம்மிடமோ ஒரு கை மட்டும் வளர்ந்திருக்கிறது.

திரியாயும் அப்படியொரு ஊர்தான். 1985இல் வீடுகள் எரிந்து, சனங்கள் கொல்லப்பட்டு, மிஞ்சியவர்கள் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்த ஊர். அந்த வருடத்தைப் பற்றி அறிக்கைகள் இருக்கின்றன. திரும்பி வந்தவர்கள் காடு மண்டிய வளவில் முதல் அடுப்பை எந்தக் கல்லில் மூட்டினார்கள் என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மம்மாமாரிடம் அது இருக்கிறது. புல்மோட்டையிலும் குச்சவெளியிலும் நமது மூத்தம்மாமாரிடம் அதைப் போலவே வேறு கதைகள் இருக்கின்றன. ஒரே கடலை நம்பி உலை வைத்தவர்கள் இவர்கள். அரசியல் இவர்களைப் பிரித்து எழுதியது. அடுப்படியை எழுதத் தொடங்கினால் அந்தப் பிரிவுக்கோடு பல இடங்களில் அழிந்துபோவதைக் காண்போம்.

இந்த நாடகத்தில் குறையே இல்லையென்று நான் வக்காலத்து வாங்கவில்லை. குவான்-சிக்கைப் போல வாழ்நாளெல்லாம் கோபப்படாத ஒரு கணவனை எங்கள் கரையில் தேடினால் கிடைக்கமாட்டான். ஜெஜுவிலும் இலகுவில் கிடைக்கமாட்டான். ஊர் முழுவதும் கடைசியில் நல்லவர்களாகிவிடுவது சற்றுத் தித்திப்பு. ஜெஜுவின் படுகொலையைக் கதையின் நடுவில் வைக்காதது ஒரு பெரிய மௌனம். காசு கட்டிப் பார்க்கும் பன்னாட்டு நிறுவனமொன்றின் சரக்கு இது என்பதையும் நான் மறக்கவில்லை. இக்குறைகளை எடுத்துவைத்து யாராவது ஒரு நல்ல விமர்சனம் எழுதினால் முதலில் வாசிப்பவன் நானாக இருப்பேன். நான் எதிர்ப்பது பார்க்காமலே முகம் சுளிப்பதை. ஆங்கில எழுத்து கீழே ஓட ஓட, உயர்தரம் படிக்கும் மகள் அதை வாசித்துத் தமிழில் சொல்ல, பக்கத்திலிருந்து கேட்டு நாடகம் பார்க்கும் உம்மாமார் இருக்கிறார்கள். அந்த மகள் அந்நேரம் ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்த உம்மா ஒரு விமர்சகர். "அவள் அந்தக் காசை மாமியாட்டச் சொல்லாம வெச்சிருக்கணும்" என்று அவர் சொல்லும் ஒரு வசனத்தில் நமது பல மதிப்புரைகளைவிட வாழ்க்கை அதிகம்.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்கு 'என் தாய்' என்ற தலைப்பில் கட்டுரை படிப்பிக்கும் முறையைச் சொல்லித்தந்தார்கள். அன்றுமுதல் இன்றுவரை நான் திருத்திய கொப்பிகளில் ஓர் ஒழுங்கு உண்டு. முஸ்லிம் பாடசாலையென்றால் கட்டுரை சுவர்க்கத்தில் தொடங்கும். தமிழ்ப் பாடசாலையென்றால் கோயிலில் தொடங்கும். இரண்டிலும் தாய் இருக்கமாட்டாள். ஒருமுறை தலைப்பை மாற்றி, 'அம்மா கையால் செய்யும் ஒரு வேலை' என்று கொடுத்தேன். கருவாடு போடுவதைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். அம்மாவின் வலக்கை விரல்களில் வெடிப்பு. உப்புப் பட்டால் எரியும். அதனால் அவ உப்பை இடக்கையால் அள்ளுவா என்று இரண்டு வரி. பதின்மூன்று வயதுப் பிள்ளை. அந்த இரண்டு வரியைத் தாண்டிய ஒரு வரியை நமது அண்மைக்காலச் சிறுகதைகளில் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, கொரிய நாடகத்தைப் பாருங்கள் என்றோ பார்க்காதீர்கள் என்றோ நான் கேட்கவில்லை. அது உங்கள் விருப்பம். இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிடம் ஒன்றைக் கேட்கிறேன்: பெண்கள் அனுப்பும் வீட்டுக் கதைகளைச் 'சமூகப் பார்வை போதாது' என்று திருப்பி அனுப்புமுன் இன்னொருமுறை வாசியுங்கள். அடுத்த இதழுக்குக் கதை எழுத உட்காரும் எழுத்தாளர்களிடமும் ஒன்று. முதலில் எழும்பிக் குசினிக்குள் போங்கள். உங்கள் உம்மா உயிரோடிருந்தால் கேளுங்கள்: நான் பிறந்த வருடம் அரிசி என்ன விலை, யாரிடம் கைமாற்று வாங்கினீங்க, திருப்பிக் கொடுத்தீங்களா, யாராவது சொல்லாமல் நம்மட பானையில் அரிசி போட்டார்களா. அவர் சொல்லத் தொடங்கினால் நேரமெடுக்கும். இடையில் எழும்பி வந்துவிடாதீர்கள்.